சுமையார்

இந்த ஊரில் வாய்விட்டுச் சிரிக்கிறவர்களில் பத்தில் ஒருவர் என் கைவேலையால் சிரிக்கிறார். நான் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, அச்சுப்பெட்டியில் போட்டு வேகவைத்து, மெருகேற்றிக் கொடுப்பேன். நான் வேலை செய்யும் பல் கூடத்தில் எல்லாருக்கும் நான் பல்லக்கா. கோபம் வந்தால் கடித்துவிடுவேன் என்று ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். எத்தனையோ நல்ல சந்தர்ப்பங்கள் வாய்த்தும் நான் யாரையும் கடித்ததில்லை என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு என் இரண்டு கால்களும் போயின. அதைப் பற்றி உருகி எழுத எனக்கு நேரமில்லை. சக்கர நாற்காலி இருக்கிறது, கைகள் இருக்கின்றன, வாய் தேவைக்கு மேலேயே இருக்கிறது. இத்தனை வருஷமும் தம்பி தன் சரக்கு வண்டியில் என்னைக் கூடத்தில் கொண்டு விட்டான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவனுக்கு வெளியூரில் வேலை அமைந்தது.

"நீ எப்படிக்கா வேலைக்குப் போவே?" என்று மூட்டை கட்டும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"பஸ்ஸு எதுக்குடா இருக்கு? ஊருக்கெல்லாம் ஓடுது, எனக்கு ஓடாதா?" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

வாடகை வண்டி பிடிக்கலாமே என்பீர்கள். என் சம்பளம் முழுவதையும் வண்டிக்காரரிடம் கொடுப்பதற்கு, அவரே நேராகப் போய்ப் பல் செய்துகொள்ளலாம்.

கூடத்து முதலாளி கெட்டவரில்லை. "உன் கை மாதிரி கை எனக்குக் கிடைக்காதும்மா. ஆனா டாக்டருங்க தினம் கழுத்துல உக்காந்திருக்காங்க. இந்த மாசம் பூரா உன் மேசையைக் காலியா வெக்கிறேன். ஒண்ணாம் தேதி எட்டரை மணிக்கு நீ வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன். தப்பா நினைக்காதே" என்றார். நினைக்கவில்லை என்று சொன்னேன். நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. இருபத்தாறு நாள் இருந்தது. ஒரு பஸ்ஸில் ஏற இருபத்தாறு நாள் போதாதா?

அதற்கு இரண்டரை மாதம் முன்புதான் எங்கள் போக்குவரத்துக் கழகம் 'அனைவரும் ஏறலாம்' என்ற திட்டத்தை ஆரம்பித்திருந்தது. பஸ்களின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். வாசலுக்குக் கீழே இழுத்தால் வரும் சாய்தளம். எங்கள் நிறுத்தத்தில் நீல நிறப் பலகை, அதில் சக்கர நாற்காலிப் படம். அந்தப் படத்தில் இருப்பவருக்குத் தலை உடம்போடு ஒட்டாமல் தனியாக நிற்கும், கவனித்திருக்கிறீர்களா? கழகத்தாரோடு பேசிப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

முதல் நாள் காலை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர். என்னைப் பார்த்ததும் குதித்து இறங்கி, சாய்தளத்தை இழுத்துப் போட்டார். சறுக்குமரம்போல் நட்டுக்கொண்டு நின்றது. "பயப்படாதீங்கம்மா" என்று பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார். உள்ளே போய்விட்டேன். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகப் பஸ்ஸுக்குள் இருக்கிறேன். எல்லாரையும் பார்த்து இளித்தேன்.

கண்டக்டர் சீட்டுக் கிழிக்கப் பையைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றது.

"அம்மா... நீங்க ஏறினீங்களா, இல்லே நான் ஏத்தினேனா?"

"என்ன கேக்கறீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. விதி அப்படி." சட்டைப் பையிலிருந்து நைந்துபோன சின்னப் புத்தகத்தை எடுத்துப் படித்தார். "விதி நாற்பத்தொன்று. பேருந்தில் ஏறுபவர் பயணி. பேருந்தில் ஏற்றப்படுவது சுமை." பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான்தானேம்மா தள்ளி ஏத்தினேன்? அப்போ உங்களுக்கு லக்கேஜ் சீட்டுதான் போடணும்."

"கைக்குழந்தையைத் தூக்கித்தானே ஏத்தறாங்க? அது லக்கேஜா?"

"அதுக்குச் சீட்டே கிடையாதும்மா. சீட்டு இல்லாதது பயணியும் இல்லை, சுமையும் இல்லை."

"வயசானவங்களுக்குக் கை குடுத்து ஏத்தறீங்களே?"

"கை குடுக்கறது வேற, கை வெக்கறது வேற. செக்கிங் வந்தா என் வேலை போயிரும்மா. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

சரி, என்ன எழவோ, லக்கேஜ் சீட்டையே கொடுங்கள் என்றேன். எனக்கு வேலைக்குப் போக வேண்டும். அவர் அதையும் கொடுக்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். விதி நாற்பத்திரண்டு. உரிய பயணி உடன் வராமல் சுமை தனியே பயணம் செய்யலாகாது.

"உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது கூட வந்திருக்காங்களா? சொந்தக்காரங்கன்னா உறவு இல்லை... உரிமையாளர்."

பின் இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்தார். நல்ல மனுஷன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். "பரவாயில்லை சார், அந்தம்மா என் லக்கேஜ்னு எழுதிக்கோங்க. எனக்கும் நேரமாகுது" என்றார்.

"நான் யாரோட லக்கேஜும் இல்லை" என்று கத்தினேன். இறக்கிவிட்டார்கள். இறக்குவதற்கு விதி எதுவும் பார்க்கவில்லை.

மறுநாள் கழகத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். பக்கத்துத் தெருவில் தச்சுப்பட்டறை வைத்திருப்பவர் கட்டை ஏற்றிய வண்டியில் ஏற்றிப் போனார். அவர் இலக்கணம் எதுவும் கேட்கவில்லை. அங்கே என்னை மொழி அலுவலரிடம் அனுப்பினார்கள். புகார்ப் பிரிவுக்கு அல்ல. புகார்ப் பிரிவில் பயணிகளின் புகார் மட்டும்தான் வாங்குவார்களாம். சுமைகள் புகார் கொடுக்கும் வழக்கமில்லை.

மொழி அலுவலர் மேசை நிறைய அகராதி வைத்திருந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, எழுந்து நின்று கும்பிட்டார். உண்மையிலேயே எழுந்து நின்றார். நான் கொஞ்சம் இளகினேன்.

"தங்களைப் போன்றோருக்காக இக்கழகம் ஆற்றியிருக்கும் பணியைத் தாங்கள் அறியமாட்டீர்கள்" என்று ஆரம்பித்தார். "நான் பொறுப்பேற்றபோது பேருந்துகளில் 'நொண்டி, குருடு இருக்கை' என்று எழுதியிருந்தது. மனம் பதைத்தது. உடனே அழிக்கச் செய்தேன். 'ஊனமுற்றோர்' என்று மாற்றினேன். அதுவும் உறுத்தியது. இந்தப் பதினேழு ஆண்டுகளில் ஏழு முறை பெயர் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கண்ணியமானது."

"அந்த இருக்கை?"

"எந்த இருக்கை?"

"பேரு மாத்தினீங்களே, அந்த இருக்கை. அதுல பெயிண்ட் டப்பாவும் ஸ்டெப்னியும் வெச்சிருக்காங்க."

"அது பொறியியல் பிரிவு." அவர் முகம் சுருங்கியது. "எனது துறை பலகை மட்டும். பலகையைப் பார்த்தீர்களா? ஏழு பூச்சு. விரலால் தடவினால் தடிப்பு தெரியும்."

நான் நடந்ததைச் சொன்னேன். ஏறினேனா, ஏற்றப்பட்டேனா என்ற இடம் வந்ததும் அவர் கண்கள் மின்னின. என் கதையில் அவருக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான்.

"அருமையான சிக்கல்! ஏறுதல் தன்வினை. ஏற்றுதல் பிறவினை. விதி நாற்பத்தொன்றை வரைந்தவர் பெரும் இலக்கண அறிஞர். அதில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் தங்கள் மனம் புண்பட்டது எதனால்? 'சுமை' என்ற சொல்லின் அஃறிணைத் தன்மையால்." விரலை உயர்த்தினார். "அதை நான் சரிசெய்கிறேன்."

பத்து நிமிஷம் அகராதியைப் புரட்டினார். பிறகு ஒரு தாளில் அழகான கையெழுத்தில் எழுதி என் பக்கம் திருப்பினார். சுமையார்.

"ஆர் விகுதி மரியாதைப் பன்மை. இனிமேல் தங்களுக்குக் கொடுக்கப்படுவது லக்கேஜ் சீட்டு அல்ல. சுமையார் சீட்டு. 'வைக்கப்பட்டது' என்ற இடத்தில் 'வைக்கப்பட்டார்' என்று வரும்."

"ஐயா, எனக்கு ஆர் வேண்டாம். பஸ் வேணும். ஒண்ணாம் தேதி நான் வேலையில இல்லைன்னா என் மேசை போயிரும்."

செந்தமிழ் அவரை விட்டு ஓடியது. "என்னம்மா இப்படிப் பேசறே? எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்கேன்! மரியாதை குடுத்தா வேணாங்கறே. அப்புறம் நாங்க என்னதான் பண்றது?"

ஆனாலும் ஆள் நாணயமானவர். தன்வினையில் ஏற வாய்ப்புக் கேட்டு என் பெயரில் ஒரு மனுவைத் தானே எழுதி, தானே பரிந்துரைத்து அனுப்பினார். பதினோரு நாள் கழித்துக் கடிதம் வந்தது. பணிமனையில் எனக்குத் தன்வினைத் தேர்வு நடக்கும்.

பணிமனை முற்றத்தில் தேர்வுக் குழுவினர் பதினோரு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பஸ், சாய்தளம் இறக்கியபடி. பாதுகாப்பு அலுவலர் கழுத்தில் விசிலோடு வந்து விதிமுறை சொன்னார். யாருடைய உதவியும் இல்லாமல் நானே நாற்காலியை உருட்டி மேலே போனால் ஏறுதல். யாருடைய விரலாவது பட்டால் ஏற்றுதல். மொழி அலுவலர் சாய்தளத்துக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, விரல் படுகிறதா என்று பார்ப்பார்.

"இது ஏன் இவ்வளவு செங்குத்தா இருக்கு?" என்று கேட்டேன்.

"முதல்ல நீளமாத்தான் செஞ்சாங்க. நீளமா இருந்தா நடைபாதையில போறவங்க தடுக்கி விழுந்துருவாங்க. பாதுகாப்பை நாம பார்க்கணுமில்லே? அதான் பாதியா வெட்டிட்டோம்."

"சக்கர நாற்காலிக்காரங்க விழுந்தா?"

"அவங்க ஏற்கெனவே உக்காந்துதானே இருக்காங்க" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பதினோரு பேரில் இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

சக்கரத்தைப் பிடித்து உந்தினேன். என் தோளில் பலம் உண்டு. தினமும் இருபது அச்சுப்பெட்டிகளைத் திருகி மூடும் கை. பாதி ஏறிவிட்டேன். முக்கால். வாசல் விளிம்பு மூக்குக்கு நேரே தெரிந்தது. அங்கே கை வழுக்கியது. நாற்காலி பின்னோக்கி உருள ஆரம்பித்தது. மண்டை தரையில் மோதப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்ட நேரம், பாதுகாப்பு அலுவலர் ஒரே தாவாகத் தாவி நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

"பிறவினை!" என்று கூவினார் மொழி அலுவலர்.

விசில் ஊதப்பட்டது. தேர்வு முடிந்தது. குழுத் தலைவர் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிட்டு, தேர்வில் குறுக்கிட்டதற்கு விளக்கம் கேட்டார். அந்த மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியாம பிடிச்சுட்டேன் சார், இனிமே பிடிக்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தார்.

"அவர் பிடிக்கலைன்னா நான் விழுந்திருப்பேனே" என்றேன்.

மொழி அலுவலர் என் அருகில் வந்து குனிந்தார். "விழுந்திருப்பீர்கள். ஆனால் தன்வினையில் விழுந்திருப்பீர்கள்."

அந்த வாரமே திட்டத்தின் நூறாவது நாள் விழா. கழகத்தின் நிர்வாக இயக்குநர் ஒரு நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் பயணம் செய்து மக்களின் கஷ்டத்தை உணரப்போகிறார் என்று அறிவித்திருந்தார்கள். அவரிடமே நேரில் சொல்லிவிடலாம் என்று போனேன். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

ஒரு நாள் முழுவதும் என்பது பத்து நிமிஷமாக நடந்தது. புத்தம்புது நாற்காலி. ஆறு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிப் பஸ்ஸுக்குள் வைத்தார்கள். கை தட்டல். கண்டக்டர் பயணச் சீட்டைக் கிழித்து இரு கையாலும் கொடுத்தார். பயணச் சீட்டு! நான் பக்கத்தில் நின்ற மொழி அலுவலரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஆறு பேரு தூக்கி ஏத்தினாங்க. அவருக்கு ஏன் சுமையார் சீட்டு இல்லை?"

"அவர் ஏறவுமில்லை, ஏற்றப்படவுமில்லை" என்றார் அவர் கொஞ்சமும் அசையாமல். "எழுந்தருளினார்."

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மேடையில் பேசினார். அவருடைய மேல்வரிசைப் பல் முழுவதும் என் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் நட்டது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் உட்கார்ந்திருந்தது.

"அன்பு நண்பர்களே, நாற்காலியில் அமர்ந்து பயணம் செய்த அந்தப் பத்து நிமிடங்களில் நான் ஓர் உண்மையை உணர்ந்தேன். அது சுகமாக இருக்கிறது. நின்றுகொண்டு வரும் பயணிகளைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். சிலர் கேட்கிறார்கள், திட்டம் தொடங்கி நூறு நாள் ஆகியும் ஒரு சக்கர நாற்காலிப் பயணிகூட ஏறவில்லையே என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், அவர்களில் ஒருவருக்காவது நம் பேருந்தில் ஒரு சிராய்ப்பு ஏற்பட்டதா? ஒருவராவது தவறி விழுந்தாரா? ஒரு பெண்ணாவது, நெரிசலில் யாரோ தன்னை உரசினார்கள் என்று புகார் கொடுத்தாரா? இல்லை! பூஜ்யம்! இவ்வளவு பாதுகாப்பை வேறு எந்தக் கழகம் கொடுத்திருக்கிறது? மற்ற பயணிகளுக்கும் இதே அளவு பாதுகாப்பை விரிவுபடுத்துவதே என் கனவு!"

யாரும் பஸ்ஸில் ஏறாத ஒரு நாளை நினைத்து அவர் முகம் மலர்ந்தது. கூட்டம் கை தட்டியது. நான் செய்த பல் பளபளத்தது. அந்த வாயில் அந்தப் பல்லை வைத்த கையை எனக்கு ஓங்கித் தட்ட வேண்டும்போல் இருந்தது. அவரிடம் போக முயன்றேன். மேடைக்கு நான்கு படி. கீழேயிருந்து "சார், சார்" என்றேன். அவர் குனிந்து என் தலையைத் தடவி ஒரு பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்றாம் தேதி விடிந்தது.

ராத்திரி தம்பி போன் செய்து, "வேண்டாம் விட்டுரு அக்கா, நான் பணம் அனுப்பறேன்" என்றிருந்தான். நான் சம்பாதித்துச் சாப்பிடுகிறவள். அச்சுப்பெட்டிச் சூட்டில் விரல் பொரிந்து, மெருகு மோட்டார் தூளில் மூக்கடைத்து, அந்த மேசையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவள். அந்த மேசை எனக்கு வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஏழே முக்கால் பஸ் வந்தது. அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும் அவர் தலை குனிந்தது. நாற்காலியை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பூட்டு போட்டு, அதிலிருந்து சரிந்து தரையில் இறங்கினேன்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"தன்வினை" என்றேன்.

முதல் படியில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றினேன். இரும்புப் படி. விடிகாலையிலிருந்து எத்தனை செருப்பு மிதித்ததோ, யாரோ துப்பிய எச்சில் ஒன்று காயாமல் கிடந்தது. கையை அதன்மேல் வைக்காமல் இருக்க வழியில்லை. உடம்பை இழுத்து மேலே போட்டேன். கால்கள் பின்னால் துணிமூட்டைபோல் வந்தன. இரண்டாவது படி. கம்பி விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. வாசலில் நின்றவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். யாரோ ஒருத்தி தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

"வேண்டாம்மா... நான் லக்கேஜ்னே போட்டுத் தர்றேன். யாரு கேட்டாலும் நான் பார்த்துக்கறேன்" என்றார் கண்டக்டர். குரல் உடைந்திருந்தது. கை நீட்டினார்.

"தொட்டீங்கன்னா கடிச்சிருவேன்" என்றேன்.

மூன்றாவது படி. நான் உள்ளே கிடந்தேன். தவழ்ந்து போய் முதல் இருக்கையைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் எனக்குப் பயணச் சீட்டுக் கிழித்தார். பிறகு இறங்கிப் போய் என் நாற்காலியைத் தூக்கி ஏற்றி, அதற்கு லக்கேஜ் சீட்டுக் கிழித்தார். உரிய பயணி உடன் வருகிறார். எல்லாம் விதிப்படி இருந்தது.

எட்டு இருபத்தைந்துக்குக் கூடத்தில் இருந்தேன். "வந்துட்டியா, நல்லது. நேத்து வந்த அச்செல்லாம் அப்படியே கெடக்கு" என்றார் முதலாளி. கையில் துணி சுற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். மதியம் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷமா அவமானமா என்று இன்றுவரை தெரியாது.

பஸ்ஸில் யாரோ போனில் படம் எடுத்திருக்கிறார்கள். பத்து நாளில் அது ஊரெல்லாம் சுற்றி, கழகத்தின் கண்ணில் பட்டது. எனக்கு ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்த என் அறிவை என்ன சொல்வது! ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் படத்தைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். இரண்டாவது படியில் கை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் படம். பத்திரிகைகளிலும் முழுப் பக்க விளம்பரம். மேலே 'தன்வினையில் ஏறிய முதல் பயணி' என்று எழுதியிருந்தது. கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் 'தன்னம்பிக்கையே சாய்தளம்!'

மொழி அலுவலர் தானே போன் செய்தார். "தாங்கள் இனி சுமையார் அல்லர். தங்களுக்கென்றே ஒரு சொல் வடித்திருக்கிறேன். ஏறுநர்!" அவர் குரலில் கண்ணீர் தெரிந்தது. பொய்க் கண்ணீரில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. கண்டக்டர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். சாய்தளம் இன்றியே ஏற இயலும் என்பது ஒரு பயணியால் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டுள்ளதாலும், சாய்தளங்களால் நடைபாதையில் செல்வோருக்கு இடையூறு நேர வாய்ப்புள்ளதாலும், அனைத்துப் பேருந்துகளிலிருந்தும் அவை கழற்றப்படுகின்றன. கழற்றினார்கள். இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள். கழகம் அவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

நான் தினமும் ஏறினேன். உள்ளங்கை காய்த்துப்போயிற்று. கண்டக்டருக்கும் பழகிவிட்டது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு பார்த்தார். பிறகு நான் மூன்றாவது படிக்கு வரும்போதே சீட்டைக் கிழித்து வைத்துக்கொண்டு, "இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாகுதேம்மா" என்பார்.

போன வாரம் நிறுத்தத்தில் இன்னொரு சக்கர நாற்காலி நின்றது. ஓய்வுபெற்ற தபால்காரர், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தவர். பின்னால் அவர் மகள். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைக்குப் பயிற்சி எடுத்தால் பேனா பிடிக்கிற அளவுக்காவது திரும்பும் என்று டாக்டர் சொன்னாராம்.

"உங்க படத்தைப் பேப்பர்ல பார்த்ததிலேருந்து அப்பாவுக்கு ஒரே பிடிவாதம்கா. பஸ்லயே போகலாம்னு" என்றாள் மகள்.

அவர் இடக் கையால் சட்டைப் பையிலிருந்து என் படத்தை எடுத்துக் காட்டினார். கத்தரித்து மடித்து வைத்திருந்தார். பாதி வாய்தான் வேலை செய்தது. அந்தப் பாதியால் சிரித்தார். "ரொம்ப... கஷ்டமாம்மா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது, "பழகிடும்யா."

பஸ் வந்தது. நான் வழக்கம்போல் முதலில் ஏறிவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்படி என்று தெரிந்துகொள்வதற்காக. பிறகு மகள் தோளைப் பிடித்துத் தரையில் இறங்கி, இடக் கையை முதல் படியில் வைத்தார். வலக் கையை இடக் கையால் தூக்கிப் படியில் வைக்கப் பார்த்தார். வைத்தால் இடக் கை ஊன்ற மாட்டேன் என்றது. ஊன்றினால் வலக் கை நழுவி விழுந்தது. இரண்டு தடவை. மூன்று தடவை.

மகள் குனிந்து அவர் இடுப்பைப் பிடித்தாள்.

"தொடாதேம்மா! தொட்டா லக்கேஜ் ஆயிரும்" என்றார் கண்டக்டர். கோபமில்லாமல், கற்றுக்கொடுக்கிற குரலில். "பெரியவரே, அந்தம்மா ஏறினதைப் பார்த்தீங்கல்ல? அதே மாதிரிதான். கையை ஊனி எக்குங்க."

"அவருக்கு ஒரு கை வராதுங்க" என்று நான் இருக்கையிலிருந்து கத்தினேன். "தூக்கி விடுங்க. என் லக்கேஜ்னு எழுதிக்கோங்க, நான் கூட வர்றேன்!"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கீழே அவர் காதிலும் விழுந்தது. படியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "வேண்டாம்" என்று தலையை ஆட்டினார். பாதி வாய் என்னவோ சொன்னது, எனக்குக் கேட்கவில்லை.

பின்னாலிருந்து ஒருவர், "ஆபீஸ் போகணும் சார், எவ்வளவு நேரம்?" என்றார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். நான் இறங்கியிருக்கலாம். இறங்க மூன்று படி, பிறகு அடுத்த பஸ்ஸுக்கு மறுபடி மூன்று படி, கூடத்துக்குப் போக ஒன்பதரை ஆகியிருக்கும். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பஸ் நகர்ந்தது. தரையில் உட்கார்ந்திருந்தவரின் தோளை மகள் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து இருக்கைப் பெண் என் காய்த்துப்போன கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எல்லாராலும் முடியுமாக்கா? அதுக்கெல்லாம் உங்களை மாதிரி மன உறுதி வேணும்" என்றாள். முன்னாலும் பின்னாலும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

எட்டரைக்கு நான் கூடத்தில் இருக்க வேண்டும்.